மூன்று தப்பு உயரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் மைதானம். உங்கள் கையில் இரண்டு குச்சிகள் முளைத்த ஒரு பெட்டி. ரேடியோ டிரான்ஸ்மிட்டர். முப்பதடி தள்ளி, தரையில் ஒரு குட்டி விமானம். நாலரை அடி இறக்கை. மூக்கில் விசிறி உறுமிக்கொண்டிருக்கிறது. மூன்று ராத்திரி கண்விழித்து ஒட்டியது நீங்கள்தான். ஸ்டிக்கர்கூட ஒட்டியாயிற்று. சொல்லித் தர ஆள் இல்லை. 'என்ன பெரிய வித்தை! வீடியோ கேம்ஸ் ஆடாத கையா இது?' என்று ஒரு தைரியம்.

இடது குச்சியை மேலே தள்ளுகிறீர்கள். விமானம் ஓடுகிறது. வலது குச்சியை லேசாக உங்கள் பக்கம் இழுக்கிறீர்கள். அட, எழும்பிவிட்டது! குச்சியை இடது பக்கம் சாய்த்தால் விமானமும் இடது பக்கம் சாய்கிறது. வலது என்றால் வலது. சொன்ன பேச்சுக் கேட்கிறது. வீட்டில் யாரும் கூட வரவில்லையே, இதைப் பார்க்கவில்லையே என்று லேசாக வருத்தம்கூட வருகிறது.

ரொம்ப தூரம் போகிறதே என்று திருப்புகிறீர்கள். இப்போது அது உங்களை நோக்கி வருகிறது. கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. நிமிர்த்துவதற்காகக் குச்சியை எதிர்ப்பக்கம் நகர்த்துகிறீர்கள். நிமிரவில்லை. இன்னும் சாய்கிறது! பதறிப்போய் இன்னும் அழுத்துகிறீர்கள்.

டப்!

மொத்தம் நாற்பது செகண்ட். மூன்று ராத்திரி உழைப்பு, ஒரு பிளாஸ்டிக் பையில் வீடு திரும்புகிறது.

என்ன ஆச்சு? பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. எதிரே நடந்து வருகிறவரின் வலது கை, உங்களுக்கு இடது பக்கம் இருக்கும் இல்லையா? விமானமும் அப்படித்தான். போகும்போது அதன் இடதும் உங்கள் இடதும் ஒன்று. திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். உள்ளே உட்கார்ந்திருக்கும் பைலட்டுக்கு இந்த வம்பே கிடையாது. தரையில் நிற்கிற உங்களுக்குத்தான்.

'சரி, பழகினால் வந்துவிடாதா?' என்று கேட்பீர்கள். வந்துவிடும். ஆனால், பழகுவதற்கு விமானம் வேண்டுமே! சைக்கிளில் விழுந்தால் முட்டியில்தான் சிராய்ப்பு. மறு நிமிஷம் ஏறலாம். இங்கே ஒரு தப்புக்கு ஒரு விமானம். பறந்தால்தான் கற்க முடியும். கற்காமல் பறந்தால் விழ வேண்டும். இந்தச் சிக்கலில் உயிரையே விட்டவர்கள் உண்டு. அந்தக் கதை தெரிந்தால், உங்கள் பிளாஸ்டிக் பை அவ்வளவு கனக்காது.

★

1871, ஆகஸ்ட் 18. பாரிஸ் நகரத்தின் ட்யூலரி தோட்டம். வான்வழிப் பயணத்தில் ஆர்வம்கொண்ட சங்கத்துக்காரர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் 21 வயதுப் பையன் ஒருவன், கையில் ஒரு பொம்மையோடு வந்து நிற்கிறான். பெயர் அல்ஃபோன்ஸ் பெனோ. அப்பா கடற்படையில் அட்மிரல். மகனுக்கும் கப்பல் ஏறத்தான் ஆசை. ஆனால், இடுப்பு எலும்பில் நோய். ஊன்றுகோல் இல்லாமல் நடப்பதே கஷ்டம். கடல் இல்லை என்றானதும் பையன் வானத்தைப் பிடித்துக்கொண்டான்.

பொம்மை என்றால் ஒரு குச்சி, அதன் மேல் இறக்கை, பின்னால் சின்ன வால், விசிறி. அவ்வளவுதான். எஞ்சின்? முறுக்கிவிட்ட ரப்பர்! பெனோ அதை விட்டான். 11 செகண்ட். சுமார் 40 மீட்டர். யாரும் தொடாமல், கயிறு இல்லாமல், விழாமல், சமர்த்தாகப் பறந்தது.

'ப்பூ, இவ்வளவுதானா?' என்று நினைக்காதீர்கள். பறந்தது பெரிசில்லை. நேராகப் பறந்ததே, அதுதான் பெரிசு. பெனோ இரண்டு காரியம் செய்திருந்தார். இறக்கையின் நுனிகளை லேசாக மேல்நோக்கி வளைத்திருந்தார். ஒரு பக்கம் சாய்ந்தால் விமானம் அந்தப் பக்கமாக நழுவும். அப்போது தாழ்ந்த இறக்கையைக் காற்று அதிகமாகத் தாங்கும். தானாகவே நிமிர்ந்துவிடும். அதேபோல, பின்னால் வாலை இறக்கையைவிடக் கொஞ்சம் குறைந்த கோணத்தில் வைத்தார். மூக்கு தூக்கினாலும் குனிந்தாலும் வால் அதைச் சரிக்கட்டிவிடும்.

இன்றைக்குக் கடையில் போய், 'புதுசாப் பழகணும், ஒரு டிரெய்னர் விமானம் கொடுங்க' என்று கேட்டுப் பாருங்கள். உடம்புக்கு மேலே இறக்கை, பெரும்பாலும் லேசான 'வி' வடிவில். கையை எடுத்தால் தானாக நிமிரும். அது பெனோவின் சொத்து. அடுத்த முறை விமானம் தறிகெட்டுப் போனால் பதறிக் குச்சிகளைத் திருகாதீர்கள். வேகத்தைக் குறைத்து, வலது குச்சியை விட்டுவிடுங்கள். உயரம் இருந்தால், மீதியைப் பெனோ பார்த்துக்கொள்வார்.

பாவம், அந்த மனிதரை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை.

1876-ல் முழு அளவு விமானத்துக்கே பேடன்ட் வாங்கினார். தண்ணீரிலும் இறங்கலாம், தரையிலும் இறங்கலாம். மடக்கிக்கொள்ளும் சக்கரங்கள், கண்ணாடிக் கூண்டு, ஒரே குச்சியில் கட்டுப்பாடு. ரைட் சகோதரர்களுக்கு 27 வருஷம் முன்னால்! கட்டுவதற்குக் காசு வேண்டுமே? கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள். கிண்டல் வேறு. 1880 அக்டோபரில், தன் வரைபடங்களை எல்லாம் ஒரு சின்ன சவப்பெட்டிக்குள் வைத்து, ஆகாயக் கப்பல் கண்டுபிடித்த ஆன்ரி ஜிஃபாரின் வீட்டில் சேர்த்துவிட்டு, தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 30.

★

ஆனால், பொம்மை சாகவில்லை.

1878-லேயே அது அட்லான்டிக்கைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் மில்டன் ரைட் என்கிற பாதிரியார், ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை வாங்கி வந்தார். மூங்கில், கார்க், காகிதத்தில் செய்தது. ரப்பரை முறுக்கிவிட்டால் கூரை வரை போகும். பெனோவின் ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மையைப் பார்த்துச் செய்தது. மூத்தவன் வில்பருக்கு 11 வயது, இளையவன் ஆர்வில்லுக்கு 7. பொம்மை உடைகிற வரை விளையாடினார்கள். பிறகு அதே மாதிரி பெரிசாகச் செய்து பார்த்தார்கள். ம்ஹூம், பறக்கவில்லை. அந்தத் தோல்வி மனசில் தங்கிவிட்டது.

இருவரும் வளர்ந்து சைக்கிள் கடை வைத்துக்கொண்டிருந்த காலத்தில், இன்னொரு பக்கம் ஒரு பெரிய மனிதர் களத்தில் இறங்கியிருந்தார். சாமுவேல் லாங்லி. வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவர். அவரும் ரப்பர் மாடல்களில்தான் ஆரம்பித்தார். 1896, மே 6-ம் தேதி, போடோமாக் நதியில் படகின் கூரையிலிருந்து நீராவி எஞ்சின் பூட்டிய மாடல் ஒன்றைச் செலுத்தினார். ஆள் இல்லாமல் ஒரு கிலோமீட்டர் பறந்தது! டெலிபோன் புகழ் கிரஹாம் பெல் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்.

பிறகு அரசாங்கம் 50,000 டாலரை அள்ளிக் கொடுத்தது. 'ஆளை ஏற்றிப் பறக்கவிடுங்கள்!' லாங்லியும் அதே விமானத்தைப் பெரிசாகக் கட்டினார். உள்ளே ஏறியவர் எஞ்சினைச் செய்த சார்லஸ் மான்லி. கெட்டிக்கார இன்ஜினீயர். ஆனால், அதுவரை ஒரு கிளைடரில்கூடப் பறந்ததில்லை. எடுத்த எடுப்பில் முழு விமானம், முழு வேகம், கீழே நதி. 1903 அக்டோபர் 7-ல் தண்ணீரில் விழுந்தது. டிசம்பர் 8-ல் மறுபடி. மான்லி பிழைத்ததே பெரிது. பத்திரிகைகள் லாங்லியைக் கிழித்துத் தொங்கவிட்டன.

சைக்கிள் கடைக்காரர்கள் செய்ததைப் பாருங்கள்.

1899-ல் வில்பர் ஐந்தடி இறக்கைகொண்ட ஒரு பட்டம் கட்டினார். இரண்டு அடுக்கு இறக்கை. நான்கு கயிறுகள். அந்தக் கயிறுகள் எங்கே வந்து முடிந்தன தெரியுமா? வில்பரின் இரண்டு கைகளில் இருந்த இரண்டு குச்சிகளில்! குச்சியைச் சாய்த்தால் இறக்கை முறுகும், பட்டம் சாயும். தரையில் நின்றபடி, இரண்டு குச்சிகளால், அண்ணாந்து பார்த்துக்கொண்டு... ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நீங்கள் நின்ற அதே கோலம்! நடுவில் ரேடியோ மட்டும்தான் இல்லை. பட்டம் ஒருமுறை சர்ரென்று கீழே பாய்ந்ததில், வேடிக்கை பார்த்த பையன்கள் தரையோடு தரையாகப் படுத்துவிட்டார்களாம். 'ரைட்டே தடுமாறியிருக்கிறார்' என்று நீங்கள் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

ஜெர்மனியின் ஓட்டோ லிலியன்தால் 2,000 தடவை கிளைடரில் பறந்தவர். 1896-ல் விழுந்து இறந்துபோனார். வில்பர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஐந்து வருஷத்தில் லிலியன்தால் காற்றில் இருந்த நேரம் மொத்தமே ஐந்து மணி நேரம்! ஐந்து மணி நேரம் ஓட்டியவரை நம்பிக் கூட்டமான தெருவில் சைக்கிளைக் கொடுப்போமா? அப்படியென்றால், முதல் வேலை எஞ்சின் இல்லை. பழக்கம்.

அதற்காக அவர்கள் தேடிப் போனது கிட்டி ஹாக் கடற்கரை. ஏன் அங்கே? நிற்காமல் வீசும் காற்று. விழுந்தால் தாங்கும் மணல். 1902-ல் மட்டும் சில வாரங்களில் 700-க்கு மேல் சறுக்கிப் பறந்தார்கள். ஆள் உயரம், தென்னை உயரம். விழு, எழு, தட்டிவிடு, மறுபடி. அதன் பிறகுதான் எஞ்சின். லாங்லியின் விமானம் இரண்டாம் முறை விழுந்து சரியாக ஒன்பது நாள் கழித்து, 1903 டிசம்பர் 17-ல், ஆர்வில் 12 செகண்ட் பறந்தார். மீதி உங்களுக்கே தெரியும்.

லாங்லி தன் பைலட்டுக்கு ஒரு தப்புகூட அனுமதிக்கவில்லை. ரைட் சகோதரர்கள் தங்களுக்கு ஆயிரம் தப்பு அனுமதித்துக்கொண்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

★

ரேடியோ எப்போது வந்தது? 1898-ல் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா, கம்பி எதுவும் இல்லாமல் ஒரு குட்டிப் படகை ஓட்டிக் காட்டினார். ஆனால், அன்றைய ரேடியோ கருவிகளைத் தூக்கிக்கொண்டு பொம்மை விமானம் பறக்க முடியாது. 1937 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் டெட்ராய்ட் நகரில் நடந்த தேசியப் போட்டியில் முதன்முறையாக ரேடியோ விமானங்களுக்குத் தனிப் பிரிவு. வந்தவர்கள் ஆறே பேர். ஜெயித்தவர் செஸ்டர் லான்ஸோ. அவர் கொண்டுவந்த விமானம் ரொம்ப எளிமையானது.

ஆறு பேரில் ஒருவர் வால்டர் குட். மிச்சிகன் மாநிலம், கலமாஸூ ஊர்க்காரர். அவருக்கு இரட்டைச் சகோதரர் வில்லியம். ஒருவருக்கு விமானப் பித்து, இன்னொருவருக்கு ரேடியோ பித்து. இரண்டும் சேர்ந்து பிறந்த குழந்தைதான் 'கஃப்'. எட்டடி இறக்கை. பிற்பாடு தேசியப் போட்டிகளில் பலமுறை ஜெயித்த அது, வாஷிங்டன் விமான அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தக் காலத்து எளிய கருவி எப்படி வேலை செய்தது தெரியுமா? கையில் குச்சி கிடையாது. ஒரே பொத்தான். அழுத்தினால் சுக்கான் ஒரு பக்கம் முழுசாகத் திரும்பும். விட்டால் நேராகும். மறுபடி அழுத்தினால் எதிர்ப்பக்கம். 'கொஞ்சமாகத் திரும்பு' என்று சொல்லவே முடியாது. கடைசியாகத் திரும்பியது இடதா, வலதா என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். மறந்தால், டப்! சுக்கானைத் திருப்பும் சக்தி எங்கிருந்து? முறுக்கிய ரப்பர்தான். பெனோ விடவே இல்லை பாருங்கள்!

இதே காலத்தில் ஹாலிவுட்டில் ரெஜினால்ட் டென்னி என்று ஒரு நடிகர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தவர். மாடல் விமானப் பைத்தியம் முற்றி, கடையே திறந்துவிட்டார். பிறகு 'பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழக ரேடியோ விமானம் செய்து தருகிறேன்' என்று ராணுவத்தை அணுகினார். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் அவருடைய 'ரேடியோபிளேன்' கம்பெனி 15,000 விமானங்கள் வரை செய்து தள்ளியது. சுட்டு வீழ்த்தப்படுவதற்கென்றே பிறந்த விமானங்கள்! போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலைக்குப் படம் எடுக்க டேவிட் கோனோவர் என்கிற ராணுவ போட்டோகிராபர் வந்தார். அனுப்பி வைத்த அதிகாரி, பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன். கையில் விசிறியோடு நின்ற ஒரு பெண்ணைக் கோனோவர் படம் எடுத்தார். நார்மா ஜீன் டோர்ட்டி. அந்தப் படங்கள் வழியாக மாடலிங், அங்கிருந்து சினிமா. உலகம் அவரை மர்லின் மன்றோ என்று தெரிந்துகொண்டது.

★

போருக்குப் பிறகு டிரான்ஸிஸ்டர் வந்தது. எடை இறங்கியது. 1960-களில் குச்சியை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு மட்டும் திரும்பும் கருவிகள் பரவின. கூடவே வந்தது கற்றுக்கொள்பவர்களுக்கான பெரிய வரம்: இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை ஒரு வயரால் இணைப்பது. ஒன்று குருவிடம், ஒன்று சிஷ்யனிடம். குரு ஒரு சுவிட்சை அழுத்திக்கொண்டிருக்கும் வரை விமானம் சிஷ்யன் பேச்சைக் கேட்கும். தறிகெட்டால் குரு விரலை எடுத்துவிடுவார். மறு நொடி விமானம் அவர் கையில். டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அதேதான். வயர் போய் இப்போது அதுவும் ரேடியோவிலேயே வந்துவிட்டது.

மைதானத்தில் பழைய ஆட்கள் புதியவர்களுக்குச் சொல்கிற ஒரு மந்திரம் உண்டு: 'மூன்று தப்பு உயரத்தில் பற!'

அதாவது, முதல் தப்பு செய்வாய். அதைச் சரிசெய்யப் போய்ப் பதற்றத்தில் இரண்டாவது தப்பு செய்வாய். அதைச் சரிசெய்யப் போய் மூன்றாவது. அதற்குப் பிறகுதான் மூளை வேலை செய்ய ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் விமானத்துக்குக் கீழே இன்னும் கொஞ்சம் வானம் மிச்சம் இருக்க வேண்டும். புதியவர்களின் கை பயத்தில் தாழப் பறக்கத்தான் பார்க்கும். 'கீழே இருந்தால் அடி குறைச்சல்' என்கிற சைக்கிள் புத்தி. இங்கே உயரம்தான் மணல்.

இன்னும் இரண்டே விஷயம். விமானம் உங்களை நோக்கி வரும்போது இடது வலது யோசிக்காதீர்கள். எந்தப் பக்க இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள். சாய்கிற பந்தல் காலுக்கு முட்டுக் கொடுப்பதுபோல. நிமிர்ந்துவிடும். அடுத்தது, மேலே ஏற வேண்டும் என்று குச்சியை இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். வேகம் செத்து, இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் தொப்பென்று இறங்கும். அப்போது குச்சியை முன்னால் தள்ளி வேகம் பிடிக்க வேண்டும். விழுகிற விமானத்தை இன்னும் கீழே குனியச் சொல்ல மனசு வராது. வர வேண்டும்.

இந்தியாவில் 2021-ல் வந்த ட்ரோன் விதிகள் இந்தக் குட்டி விமானங்களையும் சேர்த்துத்தான். எங்கே பறக்கவிடலாம், எங்கே கூடாது என்று அரசாங்க வரைபடமே இருக்கிறது. பார்த்துவிட்டு மைதானத்தைத் தேர்ந்தெடுங்கள். இதை விளையாட்டு என்று மட்டும் நினைக்க வேண்டாம். 2018-ல் ஆஸ்திரேலியாவில், மருத்துவ உதவிக்கான ஆளில்லா விமானப் போட்டியில் சென்னை எம்.ஐ.டி.யின் 'தக்‌ஷா' குழு இரண்டாம் இடம் பிடித்தது. ஆலோசகர் யார் தெரியுமா? இந்தப் பித்துப் பிடித்த நடிகர் அஜித்குமார்!

★

கடைசியாக ஒருவர். மேனார்ட் ஹில். அமெரிக்கர். மாடல் விமானங்களில் 25 உலக சாதனைகள் படைத்தவர். வயதான பிறகு ஒரு ஆசை: வெறும் ஐந்து கிலோ எடையில், எரிபொருள் உட்பட, ஒரு மாடல் விமானம் அட்லான்டிக் கடலைத் தாண்ட வேண்டும். எல்லோரும் சிரித்தார்கள். 2002-ல் மூன்று விமானங்களை அனுப்பினார். ஒன்றுகூட அக்கரை சேரவில்லை. 2003 ஆகஸ்டில் நான்காவதை அனுப்பினார். அதுவும் போயிற்று.

ஐந்தாவது விமானம், ஆகஸ்ட் 9-ம் தேதி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து கிளம்பியது. அதைக் கையால் வீசிப் பறக்கவிட்டவர் ஹில். உயரம் எட்டியதும் விமானத்துக்குள் இருந்த தானியங்கி பைலட் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. நடுக்கடலில் சில மணி நேரம் தகவலே இல்லை. 'முடிந்தது கதை' என்று தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பிறகு சமிக்ஞை வந்தது. 38 மணி 52 நிமிடம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து, அயர்லாந்தில் கிளிஃப்டன் கடற்கரையில் இறங்கியது. 1919-ல் முதன்முதலாக நிற்காமல் அட்லான்டிக்கைத் தாண்டிய ஆல்காக்கும் பிரவுனும் இறங்கியது அதே ஊர்ப் பக்கம்தான்.

அப்போது ஹில்லுக்கு வயது 77. இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேனே... அவருக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது.

பெனோவுக்கு உலகம் ஒரு தப்புக்குக்கூட இடம் தரவில்லை. ஹில் தனக்கு நான்கு தப்புகளுக்கு இடம் வைத்துக்கொண்டார். ஐந்தாவது பறந்தது.

அந்தப் பிளாஸ்டிக் பையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இறக்கையை ஒட்டுங்கள். அடுத்த ஞாயிறு பழைய ஆள் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம்... கொஞ்சம் உயரமாகவே போங்கள்.